டெலிலென்ஸும் பறவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கும், தாமிரபரணிக் கரை வயல்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பறவை பார்க்கச் சிலர் வருவார்கள். வருபவர்களில் யாராவது ஒருவர் தோளில் புது டெலிலென்ஸ் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் நீண்ட லென்ஸ்) இருக்கும். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் கரையில் பேச்சு குறையும், பறவைகளும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று இதைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, லென்ஸ் நேற்றுதான் வந்தது. முதலில் எந்தச் சரணாலயத்துக்குப் போகலாம்?

எதற்கும் போக வேண்டாம். இரண்டு வாரம் வீட்டு மொட்டை மாடியும் தெருமுனைச் சாக்கடை ஓரமும் போதும். காகம், மைனா, மாடப்புறா, மின்கம்பியில் உட்காரும் கரிச்சான் ஆகியவற்றை எடுத்துப் பழகுங்கள். 600 எம்எம் லென்ஸில் தெரியும் அகலம் முழு ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் ஏறக்குறைய மூன்றரை டிகிரிதான். எதிரே கிளையில் பறவை இருப்பது கண்ணுக்குத் தெரியும்; கேமராவைக் கண்ணில் வைத்தால் வெறும் இலை தெரியும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இதற்கு எளிய பழக்கம் ஒன்று இருக்கிறது. பறவையிலிருந்து பார்வையை எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். தலையைக் குனிந்து கேமராவைத் தேடாதீர்கள். ஜூம் லென்ஸ் என்றால் 200-இல் பறவையைப் பிடித்து, பிறகு 600-க்குப் போங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது முறை காகத்திடம் செய்து பாருங்கள். அது கைக்கு வந்த பிறகு சரணாலயத்துக்குப் போனால், அங்கே கிடைக்கும் இரண்டு மணி நேர நல்ல வெளிச்சம் வீணாகாது.

600 எம்எம் வாங்கியும் பறவை படத்தில் சின்னதாகத்தான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. கணக்கைப் பார்த்தால் புரியும். 1.5 கிராப் சென்சார் (முழு ஃப்ரேமைவிட அகலம் ஒன்றரை மடங்கு குறைந்த சென்சார்) உள்ள கேமராவில் 600 எம்எம் லென்ஸை வைத்துப் பத்து மீட்டர் தூரத்தைப் பார்த்தால், படத்தின் அகலத்துக்குள் 40 சென்டிமீட்டர் அடங்கும். சிறு நீல மீன்கொத்தி அலகு நுனி முதல் வால் வரை 17 சென்டிமீட்டர்தான். அதாவது பத்து மீட்டரிலேயே அது படத்தில் பாதியைக்கூட நிரப்பாது. முப்பது மீட்டரில் அது ஒரு நீலப் புள்ளி. அதே முப்பது மீட்டரில் ஒரு மீட்டர் உயரமுள்ள மஞ்சள் மூக்கு நாரை படத்தின் உயரத்தைத் தாண்டிவிடும்.

ஆகவே லென்ஸின் நீளத்தைவிட இடைவெளிதான் பெரிய விஷயம். தூரத்தைப் பாதியாக்கினால் பறவை இரண்டு மடங்கு பெரிதாகும்; 600-ஐ 1200 ஆக்கியதற்குச் சமம், பைசா செலவில்லை.

அப்படியானால் எப்படி நெருங்குவது? நான் ஓரடி வைத்தால் அது பறந்துவிடுகிறது.

எல்லாக் கேள்விகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வாய்க்கால் ஓரம் நிற்கும் மடையானைப் பாருங்கள். ஊரில் குருட்டுக் கொக்கு என்பார்கள். முதலில் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, மண்ணோடு மண்ணாக நிற்கும். நீங்கள் நெருங்க நெருங்க அலகு மெல்ல உயரும், கழுத்து நீளும். பிறகு வால் ஒருமுறை வெடுக்கென்று ஆடும். அடுத்த கணம், பழுப்பாக நின்றது வெள்ளை வேட்டியை உதறியதுபோல் சிறகை விரித்துப் போய்விடும். கழுத்து நீண்டதே, அங்கேயே நீங்கள் நின்றிருக்க வேண்டும். நின்று இரண்டு நிமிடம் வேறு பக்கம் பார்த்தால் கழுத்து மறுபடி உள்ளே போகும். அது உங்களுக்குக் கிடைத்த அனுமதி.

பறவையை நோக்கி நேர்க்கோட்டில், குனிந்து, பதுங்கிப் போகாதீர்கள். பூனையும் நரியும் அப்படித்தான் வரும். உழவு நடக்கும் வயலில் டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் கால் எட்டும் தூரத்தில் நடக்கின்றன; வரப்பில் பதுங்கி வரும் ஒளிப்படக்காரரைப் பார்த்து அதே கொக்குகள் எழும்பிவிடுகின்றன. வேலை பார்க்கும் ஆளைப் பற்றி அவற்றுக்குப் பயமில்லை, உற்றுப் பார்க்கும் ஆளைப் பற்றித்தான் பயம்.

இதைவிட நல்ல வழி நெருங்காமலே இருப்பது. வெண்மார்பு மீன்கொத்தி இரையைப் பிடித்ததும் பெரும்பாலும் பழைய கொம்புக்கே திரும்பும். பச்சைப் பஞ்சுருட்டானும் அப்படியே; பூச்சியைக் கொத்திக்கொண்டு அதே கம்பிக்கு வந்து, கம்பியில் நாலு அடி அடித்துவிட்டுத்தான் விழுங்கும். கொம்புக்குக் கீழே எச்சம் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது அடிக்கடி உட்காரும் இடம் என்று பொருள். பறவை இல்லாத நேரத்தில் போய், வெயிலுக்கு முதுகைக் காட்டி, புதரோரம் உட்கார்ந்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் ஆகலாம். வந்து அமரும் பறவை உங்களைத் துரத்தும் ஆளாகப் பார்க்காது, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளாகப் பார்க்கும். கார் இருந்தால் எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, உள்ளிருந்தே எடுங்கள். காருக்குள் இருக்கும் மனிதனைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் எவ்வளவு வைக்க வேண்டும்?

ஷட்டர் வேகம், உட்கார்ந்திருக்கும் பெரிய பறவைக்கு 1/500 முதல் 1/1000 வினாடி வரை. ஓயாமல் தலையை ஆட்டும் தேன்சிட்டு, தையல்சிட்டு போன்றவற்றுக்கு 1/1600. பறப்பவற்றுக்கு 1/2000-க்குக் குறைய வேண்டாம்; நீரில் பாயும் மீன்கொத்திக்கு 1/3200. அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை) முழுதாகத் திறந்து வைத்துவிடுங்கள். புதியவர்கள் வாங்கும் 600 எம்எம் லென்ஸ்களில் அது பெரும்பாலும் எஃப் 6.3 ஆக இருக்கும். ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனை) ஆட்டோவில் விட்டு, கேமராவைத் தொடர் ஃபோகஸில் வையுங்கள்.

ஐஎஸ்ஓ 3200 என்று பார்த்ததும் பலர் பதறி ஷட்டரைக் குறைக்கிறார்கள். வேண்டாம். மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளை மென்பொருள் குறைத்துவிடும். அசைந்து கலங்கிய கண்ணை எந்த மென்பொருளும் உண்மையாகத் திருப்பித் தராது.

லென்ஸிலேயே நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருக்கிறதே. பிறகு எதற்கு இத்தனை வேகம்?

அந்த வசதி தடுப்பது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே. பறவை தலையைத் திருப்புவதை அது தடுக்காது. தூங்கும் வக்காவை (இராக்கொக்கை) 1/100-இல் எடுக்க அது உதவும், குதிக்கும் சிட்டுக்கு உதவாது.

படங்கள் எல்லாமே மங்கலாக வருகின்றன. லென்ஸில் கோளாறா? திருப்பிக் கொடுத்துவிடவா?

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. காலை ஏழு மணிக்குள், பத்து மீட்டர் தூரத்துச் சுவரில் செய்தித்தாளை ஒட்டுங்கள். கேமராவை ட்ரைபாடில் பூட்டி, நடுக்கத் தடுப்பை அணைத்து, இரண்டு வினாடி டைமரில் எடுங்கள். எழுத்துகள் கூர்மையாக வந்தால் லென்ஸ் நலமாக இருக்கிறது. முன்னால் மாட்டியிருக்கும் மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றி இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். நீண்ட லென்ஸ்களில் பாதிப் புகார்கள் அந்தக் கண்ணாடியோடு கழன்று போவதைப் பார்த்திருக்கிறேன்.

லென்ஸ் நன்றாக இருந்தும் படம் மங்கினால், குற்றவாளி பெரும்பாலும் காற்று. நெடுஞ்சாலையில் மத்தியானம் தார் ரோட்டுக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். குளத்தின் காய்ந்த சேற்றுக்கு மேலும் அதே நெளிவு உண்டு. கண்ணுக்குத் தெரியாது, லென்ஸுக்குத் தெரியும். கூந்தன்குளத்தில் காலை ஏழரைக்கு நூறு மீட்டரில் நின்ற வரித்தலை வாத்தின் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகளும் கோடு கிழித்ததுபோல் வந்தன. அதே கூட்டத்தை, அதே இடத்தில் நின்று பதினொரு மணிக்கு எடுத்தபோது, பட்டைகள் நனைந்த காகிதத்தில் மை ஊறியதுபோல் பரவிக் கிடந்தன. ஷட்டர் வேகம் இரண்டிலும் ஒன்றுதான். பத்தாயிரம் ரூபாய் லென்ஸானாலும் பத்து லட்சம் ரூபாய் லென்ஸானாலும் இதற்குத் தப்பாது. ஒன்பது மணிக்குள் வேலையை முடியுங்கள், அல்லது இடைவெளியைக் குறையுங்கள். இடைவெளியை எப்படிக் குறைப்பது என்பதற்கு மடையான் கதையை மறுபடி படியுங்கள்.

மூன்றாவது காரணம் ஃபோகஸ். 600 எம்எம், எஃப் 6.3, பத்து மீட்டர் என்றால், கிராப் சென்சாரில் கூர்மையாக வரும் ஆழம் ஏழு சென்டிமீட்டர்தான். ஐந்து மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. மார்பில் ஃபோகஸ் விழுந்தால் கண் போய்விடும். பறவையின் கண்ணைத் தானே தேடும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள்.

கொக்கு எடுத்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கிறது. கரிச்சான் எடுத்தால் கரிக்கட்டை. என்ன செய்வது?

கேமரா எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அடர்ந்த பச்சைக்கு முன்னால் நிற்கும் வெள்ளைக் கொக்கு என்றால், இருட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், கொக்கு வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 அல்லது 1-க்குக் குறையுங்கள். வெளிச்சமான பின்னணியில் நிற்கும் கரிச்சானுக்கு நேர்மாறாகப் பிளஸ் 0.7. வெளுத்த வானத்தின் முன் எந்தப் பறவை பறந்தாலும் பிளஸ் 1 வரை ஏற்றுங்கள். வெளுத்துப்போன இடங்களைச் சிமிட்டிக் காட்டும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. கொக்கின் முதுகு சிமிட்டினால் இன்னும் குறைக்க வேண்டும் என்று பொருள். இறகின் வரிகள் ஒருமுறை வெளுத்துப் போனால் திரும்பி வராது. கறுப்புக்குள் ஒளிந்திருக்கும் விவரத்தை ரா (RAW) கோப்பாக எடுத்திருந்தால் ஓரளவு மீட்கலாம்.

பறக்கும் பறவை ஒன்றுகூடச் சரியாக விழவில்லை.

தொடக்கத்திலேயே சின்னதாய், வேகமாய்ப் பறக்கும் தகைவிலானை எடுக்கப் போனால் அப்படித்தான் ஆகும். பெரிய, மெதுவான பறவையில் ஆரம்பியுங்கள். கூழைக்கடாவைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. நீரிலிருந்து எழும்பும் முன் இரண்டு கால்களையும் சேர்த்துத் தண்ணீரை உதைத்து உதைத்து ஓடும். உங்களுக்கு மூன்று நான்கு வினாடி அவகாசம் கிடைக்கும். இன்னொன்று கருப்பு வெள்ளை மீன்கொத்தி. அது நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். பறக்கும் பறவையை நின்ற இடத்திலேயே எடுக்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆகவே காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும் இடமாகப் பார்த்து நின்றால், இறங்கும் பறவை முகத்தைக் காட்டி வரும். எழும்பப் போவதையும் முன்கூட்டியே அறியலாம்: நாரை கழுத்தை முன்னே நீட்டிக் காலை மடிக்கும், பருந்து பெரும்பாலும் எச்சமிட்டுவிட்டுக் கிளம்பும். லென்ஸில் ஃபோகஸ் எல்லையைக் குறுக்கும் பொத்தான் இருந்தால் தூரத்துக்கு மட்டும் என்று வையுங்கள். பக்கத்துப் புல்லில் போய் ஃபோகஸ் சிக்காது.

ட்ரைபாட் கட்டாயமா?

இரண்டு கிலோ லென்ஸைக் கையில் பிடித்துக் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் தோள் இறங்கிவிடும், சரியாக அப்போதுதான் பறவை வரும். ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுப்பதற்கு ட்ரைபாட், நடந்து எடுப்பதற்கு மோனோபாட். கார் ஜன்னலுக்கு அரிசி அல்லது பயறு நிரப்பிய துணிப்பை போதும். நான் பல ஆண்டுகளாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.

1.4 எக்ஸ் கன்வர்ட்டர் வாங்கலாமா?

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி, படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் துண்டு அது. எஃப் 6.3 லென்ஸோடு என்றால் என் பதில் வேண்டாம் என்பதே. வெளிச்சம் பாதியாகும், எஃப் 9 ஆகும், ஃபோகஸ் தடுமாறும், காற்றின் நெளிவும் சேர்ந்து பெரிதாகும்.

கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டும் படம் எல்லோரும் எடுக்கிறார்கள். நான் எடுத்தால் மட்டும் தவறா?

யார் எடுத்தாலும் தவறுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதம், குளத்தின் காய்ந்த தரையில் சிவப்பு மூக்கு ஆள்காட்டியின் கூட்டைக் கண்டேன். கூடு என்று சொல்லவும் முடியாது. சின்னக் கற்கள் சுற்றிக் கிடந்த ஒரு குழியில் நான்கு முட்டைகள், மண் நிறத்தில். பத்தரை மணி வெயில். தாய் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது, பிறகு தள்ளிப் போய்ச் சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு நடித்தது. அருமையான காட்சி என்று அதையும் எடுத்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்து நான் விலகியதும் அது நேராக முட்டைக்கு ஓடவில்லை. தேங்கியிருந்த தண்ணீருக்கு ஓடி, வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே முட்டைகளின் மேல் ஈரத்தை இறக்கியது. முட்டைகள் அவ்வளவு சூடேறியிருந்தன. அந்த இருபது நிமிடத்தை அதற்குச் செய்தவன் நான். அன்று எடுத்த படங்களை யாருக்கும் காட்டியதில்லை, கூட்டருகே அதன் பிறகு கேமராவோடு நின்றதும் இல்லை.

நீங்கள் விலகிய பிறகும் ஆபத்து போகாது. நீங்கள் நின்ற இடத்தைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும். நல்ல வெளிச்சத்துக்காகக் கூட்டை மறைக்கும் இலையை ஒடித்தால், பருந்துக்கும் பாம்புக்கும் வழி திறந்துவிட்டோம் என்று அர்த்தம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கியிருக்கிறது. துப்பாக்கி இல்லாமலும் வேட்டைக்காரன் ஆகலாம்.

கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே, வீட்டு மரத்திலேயே கூடு இருக்கிறதே. அதையும் எடுக்கக் கூடாதா?

நல்ல கேள்வி, இங்கே கதை வேறு. அந்த ஊர்க்காரர்கள் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் ஊருக்கு நன்மை கொண்டுவரும் விருந்தாளிகளாக நினைத்துத் தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். எச்சம் வயலுக்கு உரம். கீழே விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்தவர்கள் உண்டு. 1994-இல் அரசு சரணாலயமாக அறிவித்ததற்கு நெடுங்காலம் முன்பே அது சரணாலயமாகத்தான் இருந்தது. தெருவில் ஆள் நடப்பதற்கு அந்தப் பறவைகள் பழகியிருக்கின்றன.

ஆகவே தெருவில் நின்று, ஊர்க்காரர்கள் நடக்கும் இடத்திலிருந்து எடுக்கலாம். மரத்தில் ஏறுவது, கைதட்டி எழுப்புவது, வீட்டுக்காரரைக் கேட்காமல் கொல்லைப்புறம் நுழைவது கூடாது. எதையெல்லாம் அந்த ஊர் பறவைகளுக்குச் செய்வதில்லையோ, அதையெல்லாம் நாமும் செய்யக் கூடாது.

கைப்பேசியில் குரலைப் போட்டால் ஆறுமணிக் குருவி வெளியே வருகிறதாமே?

வரும். தன் எல்லைக்குள் இன்னொருவன் நுழைந்துவிட்டான் என்று பதறி வரும். இமயமலை அடிவாரத்திலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து, குளிர்காலம் முழுக்க இலைச்சருகைப் புரட்டிப் பூச்சி தேடும் பறவை அது. இல்லாத எதிரியோடு மல்லுக்கட்ட வைத்து அதன் உணவு நேரத்தைத் திருட வேண்டாம். காலையிலும் மாலையிலும் அதுவே கூவும். சருகு சலசலக்கும் திசையில் உட்கார்ந்திருங்கள்.

சரணாலயத்தில் படம் எடுக்கத் தனி அனுமதி வேண்டுமா? டிரோன்?

பார்வையாளர்களுக்கு விட்ட பாதையிலும் கோபுரத்திலும் என்றால், நுழைவாயிலில் கேட்டு, கேமராவுக்குக் கட்டணம் இருந்தால் செலுத்திவிட்டுப் போங்கள். அதற்கு அப்பால் போக வேண்டுமானால் வனத்துறையின் எழுத்து அனுமதி தேவை. மேலே சொன்ன சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி அதைத் தருபவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். டிரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கூட்டை விட்டு எழும்ப அது ஒன்று போதும்.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்குமா?

பிடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் பையிலேயே வைத்துவிட்டால் நிச்சயம் பிடிக்கும். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி. அளவு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். அரிசி டப்பாவில் வைக்காதீர்கள், மாவுத்தூசி உள்ளே போகும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். கால் மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் பனி படியும்.

அரிய பறவை ஒன்று கிடைத்தது. எந்த இடம் என்று போடலாமா?

பறவை எது, என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. வலசை வந்த வாத்துக் கூட்டம் பெரிய குளத்தில் மேய்ந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு உங்கள் தேதியிட்ட படம் உதவும். கூட்டில் இருக்கும் பறவை, பகலில் ஒரே மரத்தில் தூங்கும் ஆந்தை, மனிதர் புழங்காத புதரில் ஒண்டியிருக்கும் தனிப்பறவை என்றால் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள். கேமராவோ கைப்பேசியோ படத்துக்குள் இடக்குறியைத் தானாகவே எழுதிவிடும். அனுப்பும் முன் அதை நீக்குங்கள்.

ஒருமுறை ஒரு கொம்பன் ஆந்தை இருந்த பாறையைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அங்கே பதினேழு பேர் நின்றிருந்தோம். அதற்கடுத்த ஞாயிறு பாறை மட்டும் இருந்தது.